பிரேக் பைப் மாற்றிய பிறகும் இணைப்புகளில் கசிவு: நட்டை இன்னும் இறுக்கலாமா?

உப்புக்காற்று எழுதியது:

வணக்கம். என்னுடைய 2001ஆம் ஆண்டு மாருதி 800 வண்டியின் பிரேக் பைப் இணைப்புகளில் ஏற்பட்டுள்ள கசிவு பற்றி, வேலை தெரிந்தவர்களின் கருத்தைக் கேட்டு இதை எழுதுகிறேன். தூத்துக்குடியில் உப்பளங்களுக்கு அருகில் குடியிருப்பதால், மேலே பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் வண்டியின் அடிப்பாகம் துருவிடமிருந்து தப்பவில்லை. பின்சக்கரத்துக்குச் செல்லும் இரும்பு பிரேக் பைப், தரைத்தகட்டில் கிளிப் போட்டுப் பிடித்திருக்கும் இடத்தில், கிளிப்புக்குள் தேங்கிய ஈரத்தால் அரித்துப்போய் ஆயில் கசியத் தொடங்கியது.

இங்குள்ள ஒரு பட்டறையில் அந்தப் பைப்பை முழுவதுமாக மாற்றினார்கள். சுருளாக விற்கும் செம்பு நிறப் பைப்பை அளவுக்கு வெட்டி, இரண்டு முனைகளையும் கருவியால் விரித்து, புதிய நட்டுகளைப் போட்டுப் பொருத்தினார்கள். வேலை முடிந்த அன்றே பின்பக்கம் பைப்பும் ரப்பர் ஹோஸும் சேரும் இணைப்பில் ஈரம் தெரிந்தது. நட்டை இறுக்கிக் கொடுத்தார்கள், நிற்கவில்லை. பிறகு மரையில் டெஃப்லான் டேப் சுற்றி மாட்டினார்கள். சில நாட்கள் காய்ந்திருந்துவிட்டு மீண்டும் ஈரமாயிற்று. இப்போது எஞ்சின் அறையிலுள்ள இணைப்பிலும் நட்டின் அடியில் ஒரு சொட்டு திரண்டு நிற்கிறது. ஸ்பேனரில் பைப்பைச் செருகி, பிடியை நீளமாக்கி, இன்னும் பலமாக இறுக்கினால் சரியாகிவிடும் என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை வரவில்லை.

நட்டை இன்னும் இறுக்கலாமா? டேப்போ பசையோ இதற்குத் தீர்வாகுமா? செம்புப் பைப் போட்டதே தவறா? கசிவு மிகச் சிறியது, மிதியும் ஓரளவு உறுதியாகவே இருக்கிறது என்பதால், கடைவீதி வரை மட்டும் வண்டியை எடுக்கலாமா என்பதையும் சொன்னால் நலம்.

மரைக்கணக்கு எழுதியது:

ஐயா, கோவையில் நெடுங்காலம் டூல்ரூமில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் முதல் கேள்விக்கான பதிலிலேயே மற்றவற்றின் பெரும்பகுதி அடங்கிவிடும். பிரேக் பைப் இணைப்பில் ஆயிலை அடைத்து நிறுத்துவது நட்டின் மரை அன்று. பைப்பின் விரிந்த முனையும், அது போய் உட்காரும் சீட்டும் உலோகத்தோடு உலோகமாகச் சுற்றிலும் ஒரே சீராக அழுந்துவதால்தான் அடைப்பு ஏற்படுகிறது. நட்டு செய்வதெல்லாம் அந்த முனையைப் பின்னாலிருந்து தள்ளிப் பிடிப்பது மட்டுமே. வீட்டுத் தண்ணீர்க் குழாயின் மரை கூம்பாக இருக்கும். இறுக இறுக மரையே அடைத்துக்கொள்ளும், மிச்ச இடைவெளியை டேப் நிரப்பும். பிரேக் நட்டின் மரை நேரானது. அதில் டேப் சுற்றினால், உள்ளே விரிந்த முனையின் வழியாக நழுவி வந்த ஆயில் வெளியேறும் வழியைச் சிறிது காலம் தாமதப்படுத்தலாமே தவிர, நழுவுவதை நிறுத்த முடியாது. உங்கள் வண்டியில் நடந்ததும் அதுதான். போதாக்குறைக்கு, டேப்பின் கிழிந்த துணுக்கு ஒன்று உள்ளே போய், மிதியின் விசையை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் நுண்ணிய துளையை அடைத்தால், பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் போகும். பைப்பைக் கழற்றும்போது அந்த டேப்பை ஒரு இழைகூட விடாமல் எடுத்துவிடுங்கள்.

அழுத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் பசையும் ஏன் உதவாது என்பது விளங்கும். நீங்கள் 30 கிலோ விசையோடு மிதிக்கிறீர்கள், மிதியின் நெம்புகோல் விகிதம் 4 என்று வைத்துக்கொண்டால், மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனில் 120 கிலோ போய்ச் சேர்கிறது. பிஸ்டனின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்றால் பரப்பு சுமார் 3.14 சதுர சென்டிமீட்டர். ஆகவே பைப்புக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 38 கிலோ அழுத்தம். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் பூஸ்டர் உள்ள வண்டியில், குறுக்கே மாடு வந்துவிட்டது என்று பதறி மிதிக்கும்போது, இது 80, 100 என்று போகும். உங்கள் டயரில் இருப்பது 2 கிலோ சுமார். இந்த அழுத்தத்தை நட்டின் மேல் பூசிய எம்-சீல் தாங்கும் என்று எண்ணுவது வீண்.

இனி, உங்கள் இணைப்பு ஏன் உட்காரவில்லை என்பதற்கு வருவோம். பிரேக் பைப்பின் முனையை விரிப்பதில் பரவலாக இரண்டு வடிவங்கள் உள்ளன. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் பொதுவாக இருப்பது டபுள் பிளேர்: பைப்பின் முனை உள்பக்கமாக மடிக்கப்பட்டு, இரட்டைச் சுவரோடு புனல்போல 45 பாகை விரிந்திருக்கும். இதற்கான துளையின் அடியில் ஒரு சிறிய கூம்பு மேல்நோக்கி நிற்கும். புனல் அந்தக் கூம்பின் மேல் கவிழ்ந்து உட்காரும். ஐரோப்பிய வண்டிகள் பலவற்றில் இருப்பது பபுள் பிளேர்: முனை வெளிப்பக்கம் புடைத்து, சிறு காளான் தலைபோல் இருக்கும், இதற்கான துளையின் அடி குழிவாக இருக்கும். சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் 4.75 மில்லிமீட்டர் பைப்தான், நட்டின் மரையும் பெரும்பாலும் 10 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் புரிதான். எனவே தவறான வடிவத்தைச் சரியான துளையில் பொருத்தினாலும் நட்டு எந்தத் தடையும் இல்லாமல் ஏறிவிடும். குழிவில் உட்கார வேண்டிய காளான் தலையைக் கூம்பின் மேல் வைத்து அழுத்தினால், அது ஒரு மெல்லிய விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். முதல் இறுக்கத்தில் அந்த விளிம்பு நசுங்கி அடைத்துவிட்டதுபோல் காட்டும். வண்டியின் அதிர்வும் சூடும் சேர்ந்ததும் மீண்டும் ஒழுகும்.

இதைவிட அபாயமான இன்னொன்று, நட்டின் மரையே மாறிப்போவது. பழைய பிரிட்டிஷ் வழி வண்டிகளில் அங்குலக் கணக்கில் 3/8 நட்டு இருக்கும். அதன் வெளிவிட்டம் 9.53 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 புரி. அதை 10 மில்லிமீட்டர் துளையில் விட்டால் சற்று ஆட்டத்தோடு உள்ளே போகும், கடைசியில் இறுகவும் செய்யும். ஆனால் மரையின் நுனி மட்டுமே பிடித்திருப்பதால், பலமாக மிதிக்கும் ஏதோ ஒரு நாளில் மரை வழித்துக்கொண்டு பைப் வெளியே வந்துவிடும். கடைகளில் இரண்டு வகை நட்டுகளும் ஒரே டப்பாவில் கலந்து கிடப்பது அரிதல்ல.

ஆகையால் இறுக்கக் கூடாது. இந்த நட்டுகளுக்குத் தேவையான முறுக்கு ஏறத்தாழ 12 முதல் 18 நியூட்டன் மீட்டர்தான். உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. ஒரு சாண் நீள ஸ்பேனரில் ஒரு கையால் இழுத்தாலே இது கிடைத்துவிடும். பிடியை நீளமாக்கினால் பைப்பின் விரிந்த முனை பிளக்கும், அல்லது சீட்டின் கூம்பு தழும்பாகும். சீட்டில் தழும்பு விழுந்துவிட்டால் பிறகு எவ்வளவு நேர்த்தியான பைப்பைக் கொண்டுவந்தாலும் அடைக்காது, அந்த இணைப்புப் பாகத்தையே மாற்ற வேண்டியிருக்கும்.

மதுரை வடக்குமாசி எழுதியது:

மேலே ஐயா சொன்னது அனைத்தும் சரி. ஆனால் எதையும் கழற்றுவதற்கு முன், கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். பிரேக் ஆயில் பைப்பின் வெளிப்பக்கமாகவே நெடுந்தூரம் ஊர்ந்து வந்து, தாழ்வான ஓர் இணைப்பில் திரண்டு சொட்டும். நாம் அந்த இணைப்பைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். இரண்டு இணைப்புகளையும் பிரேக் கிளீனர் தெளித்துத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, வெள்ளை டிஷ்யூ தாளை நட்டின் மேலும் கீழுமாகத் தனித்தனியே சுற்றுங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் மிதியைப் பலமாக ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தாள் நட்டுக்கும் பைப்புக்கும் இடையில் முதலில் நனைந்தால் பிளேர் முனையில் குறை; ஹோஸின் இரும்புக் கழுத்தில், ரப்பர் தொடங்கும் இடத்தில் நனைந்தால் ஹோஸே போய்விட்டது. வண்டியின் அடியில் படுப்பதற்கு முன் ஸ்டாண்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது.

சந்தேகத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. எஞ்சின் ஆயில் கறுப்பாக இருக்கும். ஏசித் தண்ணீர் விரலில் வழுக்காது. பிரேக் ஆயில் இளமஞ்சளாக, விரலில் வழுவழுப்பாக இருக்கும், தண்ணீர் ஊற்றினால் கரைந்து போய்விடும். பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும் என்பதால், சிந்திய இடத்தை உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

கடைவீதி வரை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு தனிச் சுற்றுகள் இருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று நிறுத்தும் என்பது உண்மைதான். ஆனால் அப்போது மிதி பாதிக்கு மேல் இறங்கிய பிறகே பிரேக் பிடிக்கும், நிற்கும் தூரமும் வெகுவாகக் கூடிவிடும். சந்தைக் கூட்டத்தில் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

அம்பாசிடர் பிரியன் எழுதியது:

மன்னிக்கவும், செம்புப் பைப் பற்றி இங்கே தேவையில்லாத அச்சம் ஏற்படுத்தப்படுமோ என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்கிறேன். எங்கள் பகுதியில் பழைய அம்பாசிடர் வண்டிகள் பலவற்றில் ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் வாங்கிய செம்புப் பைப்பைத்தான் பிரேக்குக்குப் போட்டிருக்கிறார்கள். வளைப்பதற்கு எளிது, துருப்பிடிக்காது, கையால் விரித்தாலே முனை அழகாக வருகிறது. கடற்கரை ஊரில் இருப்பவர் இரும்புப் பைப்பையே மீண்டும் போட்டால், சில மழைக்காலங்கள் கழித்து இதே கேள்வியோடு திரும்ப வரமாட்டாரா?

மரைக்கணக்கு எழுதியது:

நியாயமான கேள்வி. துரு விஷயத்தில் நீங்கள் சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் செம்பு நிறத்தில் இருப்பவை எல்லாம் ஒன்றல்ல. கடையில் சுருளாகக் கிடைப்பவற்றில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். முதலாவது, வண்டி தயாரிக்கும்போதே பொருத்தப்படும் வகை: மெல்லிய இரும்புத் தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டி, செம்பால் பற்றவைத்து ஒட்டிய இரட்டைச் சுவர்ப் பைப். பட்டறைகளில் பண்டி பைப் என்பார்கள். மேலே செம்பு தெரிந்தாலும் இது இரும்புதான், காந்தம் பிடிக்கும். இரண்டாவது, செம்பும் நிக்கலும் ஏறத்தாழ 90க்கு 10 என்ற விகிதத்தில் கலந்த உலோகப் பைப். குனிஃபர் என்ற பெயரில் விற்பார்கள். 1970களிலேயே வால்வோ நிறுவனம் தன் கார்களில் இதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. உப்பும் ஈரமும் இதை அவ்வளவு எளிதில் தொடாது, வலுவும் போதிய அளவு உண்டு, விரிப்பதும் எளிது. தூத்துக்குடிக்காரருக்கு என் பரிந்துரை இதுதான். மூன்றாவது, நீங்கள் சொல்லும் ஃபிரிட்ஜ் செம்பு.

இந்த மூன்றாவது வகையில் இரண்டு குறைகள் உள்ளன. தூய செம்பு அதிர்வுக்கு உட்படும்போது மெல்ல மெல்லக் கெட்டிப்பட்டு, நொறுங்கும் தன்மையை அடைகிறது. நட்டிலிருந்து பைப் வெளியே வரும் இடத்தில்தான் அந்த விரிசல் முதலில் தோன்றும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்ததாக, ஃபிரிட்ஜுக்கென்று செய்த பைப்பின் சுவர் கனமும் வெளிவிட்டமும் பிரேக் நட்டின் துளைக்கு ஏற்பக் கட்டுப்படுத்தப்பட்டவை அல்ல. நட்டின் துளையில் பைப் சற்றே தளர்வாக இருந்தால் பிளேர் நடுவில் உட்காராமல் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பிரிட்டனில் பிரேக்குக்கென்றே தனியாகத் தூய செம்புப் பைப் விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஃபிரிட்ஜ் கடைப் பைப் அன்று. பழைய அம்பாசிடரில் இதுவரை ஒன்றும் நடக்கவில்லை என்பது அந்த வண்டிகளின் நிதானமான ஓட்டத்துக்குக் கிடைத்த சலுகை என்றே கொள்கிறேன்.

உப்புக்காற்று ஐயா, உங்கள் பைப்பில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். பிடித்தால் பண்டி பைப். பிடிக்காவிட்டால், ஓர் ஓரத்தைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்: நல்ல சிவப்பாக இருந்தால் செம்பு, சற்று வெளிறிய வெண்சிவப்பாக இருந்தால் நிக்கல் கலந்தது.

உப்புக்காற்று எழுதியது:

விரிவாக விளக்கிய அனைவருக்கும் நன்றி. மைத்துனரின் உதவியோடு டிஷ்யூ தாள் சோதனை செய்து, பிறகு இரண்டு இணைப்புகளையும் கழற்றிப் பார்த்தேன்.

பின்பக்க இணைப்பில் பைப்பின் முனை, மரைக்கணக்கு ஐயா சொன்னபடியே காளான் தலைபோல் புடைத்திருக்கிறது. ஹோஸின் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் பித்தளை நிறக் கூம்பு தெளிவாகத் தெரிகிறது. புடைப்பின் முகப்பில் பிறைபோல ஒரு பக்கம் மட்டும் அழுந்திய தடம் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் தொட்ட அடையாளமே இல்லை. எஞ்சின் அறை இணைப்பில் முனை டபுள் பிளேராகத்தான் இருக்கிறது, ஆனால் நட்டைக் கையால் ஏற்றும்போது பக்கவாட்டில் ஆடுகிறது. பழைய பைப்பிலிருந்து வெட்டி எறியாமல் வைத்திருந்த நட்டை அதே துளையில் விட்டுப் பார்த்தேன். ஆட்டம் சிறிதும் இல்லை. வெர்னியரில் புதிய நட்டின் விட்டம் 9.5 என்றும் பழையது 9.9 என்றும் காட்டுகின்றன. காந்தம் பைப்பில் ஒட்டவில்லை, சுரண்டினால் நல்ல சிவப்பு.

எனவே பைப்பை நிக்கல் கலந்ததாக மாற்றி, முனைகளை நானே விரிக்கலாம் என்று நினைக்கிறேன். கருவியை ஒரு நண்பர் தருகிறார். வேலையின் வரிசையையும், பைப்புக்குள் சிக்கிய காற்றை வெளியேற்றும், அதாவது ஏர் எடுக்கும் முறையையும் சற்று விளக்க முடியுமா?

மதுரை வடக்குமாசி எழுதியது:

9.5 அளவு நட்டை உடனே குப்பையில் போடுங்கள். வேறொருவர் கையில் அது போய்ச் சேர வேண்டாம். அந்த நட்டு ஏறியிருந்த துளையின் மரை வழிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய நட்டு கையாலேயே கடைசி வரை சீராக ஏறினால், பெரும்பாலும் தப்பித்தது என்று கொள்ளலாம். ஹோஸின் கூம்பில் நகம் வைத்துத் தடவும்போது தட்டுகிறது என்றால் ஹோஸை மாற்றிவிடுங்கள். 2001ஆம் ஆண்டு ஹோஸ் இன்னும் வண்டியில் இருக்கிறது என்றால், தட்டாவிட்டாலும் மாற்றுவதே முறை; ரப்பர் உள்ளே வீங்கி ஆயில் திரும்பும் வழியை அடைக்கும் வயது அது.

வேலை தொடங்கும் முன் ஆயில் முழுவதும் ஒழுகிப்போகாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஓட்டுநர் இருக்கைக்கும் மிதிக்கும் இடையில் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து, மிதியை ஓரிரு அங்குலம் மட்டும் அழுத்திய நிலையில் வையுங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் இறங்கும் துளையைப் பிஸ்டனின் ரப்பர் மூடிக்கொள்வதால், கீழே பைப்பைத் திறந்துபோட்டாலும் மேலே உள்ள பிரேக் ஆயில் டப்பா காலியாகாது. பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிவிடுங்கள்.

நட்டைக் கழற்றுவதற்குச் சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனரைப் பயன்படுத்தாதீர்கள். அது இரண்டு முகங்களை மட்டும் பிடிப்பதால் துருவேறிய நட்டின் மூலைகளை உருட்டிவிடும். பைப் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் பிளந்த ரிங் ஸ்பேனர் போன்ற பிளேர் நட் ஸ்பேனர், 10 மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும். ஹோஸ் பக்கத்து இணைப்பைத் திறக்கும்போது, ஹோஸின் இரும்புக் கழுத்தை இரண்டாவது ஸ்பேனரால் கட்டாயம் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நட்டோடு ஹோஸும் முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய ஹோஸ் வெளிப்பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கிழிந்திருக்கும். மறுபக்கத்தில் நட்டு அசையவே இல்லை என்றால் நெருப்புக் காட்ட வேண்டாம். பிரேக் ஆயில் தீப்பற்றும். எப்படியும் பைப்பை மாற்றப்போகிறீர்கள் என்பதால், நட்டை ஒட்டிப் பைப்பை வெட்டிவிட்டு, ஆறு முகமும் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பேனரைப் போட்டுத் திருப்பினால் வந்துவிடும்.

இனி விரிப்பது. பைப்பை ஹாக்ஸாவால் அறுக்காமல் சிறிய டியூப் கட்டரால் வெட்டுங்கள். வெட்டு முகம் சாய்ந்தால் பிளேரும் சாயும். உள்ளேயும் வெளியேயும் உள்ள பிசிறை நீக்கி, முனையைக் கீழ்நோக்கிப் பிடித்துத் தட்டித் தூளை வெளியேற்றுங்கள். நட்டை முதலில் பைப்பில் கோத்துவிட்டுத்தான் விரிக்க வேண்டும். இதை மறந்து அழகான பிளேரை அடித்துவிட்டு, பிறகு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பது எல்லாப் பட்டறையிலும் நடக்கும் வேடிக்கை. கருவியின் பலகையில் பைப் எவ்வளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும் என்பதை, 4.75 என்று எழுதிய குமிழ் அச்சின் தோள்பட்டை உயரமே சொல்லும். அதற்கு மேலும் கீழும் போகக் கூடாது. அச்சின் மூக்கில் ஒரு துளி பிரேக் ஆயில் தடவிக்கொள்ளுங்கள். முதலில் குமிழ் அச்சை வைத்து அழுத்தினால் காளான் தலை உருவாகும். அதை எடுத்துவிட்டுக் கூம்பு முனையால் மறுபடி அழுத்தினால்தான் முனை உள்ளே மடிந்து டபுள் பிளேராகும். உங்கள் பின்பக்க முனையைப் பார்த்தால், இந்த இரண்டாவது படியைச் செய்யாமலே விட்டுவிட்டதுபோல் தோன்றுகிறது. நல்ல பைப்பில் தொடங்குவதற்கு முன் வீணான துண்டுகளில் பழகுங்கள். வட்டம் நடுவாக இருக்கிறதா, முகத்தில் மயிரிழைக் கோடு ஏதும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டியதுதான்.

பொருத்தும்போது நட்டை விரலாலேயே பல சுற்றுகள் ஏற்றுங்கள். பைப்பின் வளைவு சரியாக இல்லாமல் இழுத்துப்பிடித்து ஏற்றினால் பிளேர் சாய்ந்து உட்காரும். இறுக்கிய பிறகு சற்றுத் தளர்த்தி மீண்டும் இறுக்கினால், புதிய முகம் சீட்டின் மேல் நன்றாகப் படியும். அளவான இறுக்கத்திலும் கசிந்தால், மேலும் முறுக்காமல் கழற்றி முகத்தைப் பாருங்கள். சுற்றிலும் முழு வளையமாகத் தடம் விழுந்திருக்க வேண்டும்.

மரைக்கணக்கு எழுதியது:

ஏர் எடுப்பது பற்றி நான் சேர்த்துவிடுகிறேன். டப்பாவின் மூடியில் எழுதியிருக்கும் வகை ஆயிலையே, மூடி திறக்காத புதிய டின்னில் வாங்குங்கள். டாட் 3, டாட் 4 என்ற இரண்டு வகைகளும் கிளைக்கால் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகையில் புதிய ஆயிலின் கொதிநிலைக்குக் குறைந்தபட்ச வரம்பு 205 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய நிலைக்கான வரம்பு 140. டாட் 4 வகையில் அவை 230, 155. கடற்கரைக் காற்றில் பாதி டின்னைத் திறந்துவைத்து அடுத்த ஆண்டு ஊற்றுவது வீண் சிக்கனம். டாட் 5 என்பது சிலிக்கோன். அதை இவற்றோடு கலக்கக் கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு துளி போனாலும் ரப்பர்கள் அனைத்தும் வீங்கிவிடும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பைப் நீளம் மிகுதியாக உள்ள சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். கையேடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். சக்கரத்தில் காற்றை வெளியேற்றுவதற்கென உள்ள நிப்பிளில் கண்ணாடிபோன்ற டியூபை மாட்டி, அதன் மறுமுனை ஒரு பாட்டிலில் உள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். உள்ளே இருப்பவர் மிதியை அழுத்திப் பிடித்ததும் நிப்பிளைத் திறந்து, ஆயில் ஓடி நிற்பதற்குள் மூடிவிட்டு, அதன் பிறகே மிதியை விடச் சொல்ல வேண்டும். இடையிடையே டப்பாவின் மட்டத்தைப் பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒருமுறை காலியாகிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே வந்த ஆயிலைத் திரும்ப ஊற்றாதீர்கள்.

பழைய வண்டிக்காரர்கள் பலர் அறியாத ஒன்று: ஏர் எடுக்கும்போது மிதியைத் தரைவரை அழுத்தக் கூடாது. அன்றாடம் பிஸ்டன் போய்வரும் பகுதி வழவழப்பாக இருக்கும். அதற்கு அப்பால், ஆண்டுக்கணக்கில் ரப்பர் படாத உட்சுவரில் துருவும் கசடும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் ரப்பர் அந்தத் துருவின் மேல் உரசிக் கிழிந்து, பைப் வேலை முடிந்த கையோடு மாஸ்டர் சிலிண்டரும் போய்விடும். மிதிக்கு அடியில் ஒரு மரத்துண்டை வைத்தால் போதும். எல்லாம் முடிந்த பிறகு, எஞ்சின் ஓடும் நிலையில் மிதியை அழுத்திப் பிடித்தால் அது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். வெளியே எங்கும் ஈரம் இல்லாமலேயே மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது என்றால், மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரில் கசிவு. அது பைப் இணைப்பின் குற்றம் அன்று.

புதிய பைப்பைத் தரைத்தகட்டில் மாட்டும்போது பழைய இரும்புக் கிளிப்புகளைப் போடாமல், பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறையுள்ள கிளிப்புகளைப் போடுங்கள். நிக்கல் கலந்த பைப் துருப்பிடிக்காது, ஆனால் நட்டுகள் இரும்புதான்; பொருத்திச் சோதித்த பிறகு, நட்டின் வெளிப்பக்கம் பைப் நுழையும் இடத்தில் சிறிது கிரீஸ் தடவிவைத்தால் அடுத்த முறை கழற்றுவது எளிது. முதலில் வீட்டு வாசலிலேயே மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். அன்று மாலையும், ஒரு வாரம் கழித்தும் அதே டிஷ்யூ தாள் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

நிக்கல் கலந்த பைப் சுருள் இங்கே உதிரிபாகக் கடையில் இல்லை. மதுரையிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நட்டுகளை, பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்கிக்கொண்டேன். பின்பக்க ஹோஸும் புதிதாக வாங்கியாயிற்று. அதன் துளைக்குள்ளும் கூம்புதான் இருக்கிறது என்பதைக் கடையிலேயே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். அதுவரை வண்டி ஸ்டாண்டில்தான் நிற்கும்.